சபூரா தேடிய தீவுக்காரி

என் மனைவி சபூரா ஒன்றை நம்பிவிட்டால், அதற்கு ஆதாரம் தேடுவது நம்பாதவர்களின் வேலை என்று நினைக்கிறவள். இருபத்திரண்டு வருஷமாகப் பெண்டில் ஹில்லில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறாள். ஊசி ஏறும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் வலி தெரியாது என்பது அவள் கொள்கை. பேச்சு என்றால் பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான். பார்த்தால் சிலோன்காரி மாதிரி இருந்தாலும், தன் மூத்தப்பாவைப் பெற்ற தாய் இந்த நாட்டுக்காரி, வடக்கே தேர்ஸ்டே தீவுக்காரி என்று தொடங்குவாள். கிரவீனில் எங்கள் தெருவில் இந்தக் கதையைக் கேட்காத நரம்பே கிடையாது.

கதை இதுதான். குவீன்ஸ்லாந்தின் உச்சிமுனைக்கு அப்பால் இருக்கும் அந்தச் சின்னத் தீவில் ஒரு காலத்தில் முத்துக் குளிக்கும் படகுகள் நிறைய நின்றன. பேருவளையிலிருந்து இஸ்மாயில் லெப்பை என்பவர் முத்து வாங்கி விற்க அங்கே போனார். 1908இல் ஊர் திரும்பியபோது அவர் தோளில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அந்தப் பையன்தான் சபூராவின் மூத்தப்பா உமர் லெப்பை. அவருடைய கடைசி மகன் பக்கீர் முகைதீன் என் மாமனார். எண்பத்து நான்கு வயது. எங்களோடுதான் இருக்கிறார்.

"எனக்குத் தீவில ஒரு உம்மா இரிந்தா" என்று உமர் லெப்பை பிள்ளைகளிடம் சொல்லுவாராம். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை. மிச்சத்தைக் குடும்பம் பார்த்துக்கொண்டது. சபூராவின் சுருட்டை முடி தீவுக்காரியுடையது. அவள் அண்ணன் ரிஷாத் நானா கடலில் மீன் மாதிரி நீந்துவது தீவுக்காரியால். எங்கள் மகள் ஹிபா பள்ளிக்கூட ஓட்டத்தில் முதலாவதாக வந்ததும் தீவுக்காரியால்தான். ஹிபா பௌதிகப் பாடத்தில் சறுக்கியபோது மட்டும் என் குடும்பத்தின் பெயர் அடிபட்டது.

நான் ரயில்வேயில் சிக்னல் பழுது பார்க்கிறவன். கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. ஆனால் வீட்டில் சமாதானமும் முக்கியம் அல்லவா? ஹிபாவை ஹைஸ்கூலில் சேர்த்தபோது, படிவத்தில் 'பழங்குடியினரா, டொரஸ் நீரிணைத் தீவினரா' என்ற கட்டத்தில் சபூரா உற்சாகமாகச் சரி போட்டாள். பேனாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான்தான். வாயைத் திறக்கவில்லை. பிறகு நடந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஹிபா பதினோராம் வகுப்பு. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். மருத்துவம் படிக்க விரும்பும் பழங்குடி, தீவு மாணவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் கோடைப் பயிற்சி நடத்துகிறதாம். பத்தே இடம். அதில் ஒன்றுக்கு ஹிபாவின் பெயரைக் கொடுத்திருக்கிறார்களாம். வம்சத்தைக் காட்டும் பத்திரமும், அந்தச் சமூகத்தார் எழுதிய கடிதமும் ஓகஸ்ட் முப்பதுக்குள் வேண்டும். ஹிபாவுக்கு டாக்டராவதைத் தவிர வேறு கனவு கிடையாது. பிள்ளை சந்தோஷத்தில் கூத்தாடுவாள் என்று பார்த்தால், மேசையில் போனை வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"உம்மா, இது சும்மா ஸ்டோரி இல்ல தானே? ப்ரூஃப் இரிக்கா?"

"மூத்தப்பா சொன்னது காணாதா?"

"காணாது. ப்ரூஃப் இல்லாட்டி நான் வேற ஒரு பிள்ளைட இடத்தை எடுக்கிறன். ஐ வோன்ட் டூ தட்."

சபூராவுக்கு ஒரு நிமிஷம் முகம் சுருங்கியது. அடுத்த நிமிஷம் கண் பளபளத்தது. ஆதாரம் தானே வேண்டும், இதோ எடுத்துத் தருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் குசினியில் சமையலைவிட ஆராய்ச்சிதான் அதிகம் நடந்தது.

முதலில் எச்சில் பரிசோதனை. ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் வம்சம் எந்தெந்த மண்ணிலிருந்து வந்தது என்று சொல்லுவார்கள். சபூரா தன்னுடையதை அனுப்பவில்லை. அவள் போட்ட கணக்கு சரியானது. தீவுக்காரி மாமாவின் தந்தையைப் பெற்றவள் என்றால், மாமாவின் உடம்பில் கால் பங்கு அவளுடையதாக இருக்க வேண்டும். கால் பங்கை எந்த இயந்திரத்தாலும் மறைக்க முடியாது. ஆகவே துப்ப வேண்டியவர் மாமா.

துப்புவதற்கு அரை மணி நேரம் முன்பு எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. மாமா அரை மணிக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற மனிதர். ஒரு காலைப்பொழுது முழுக்க சபூரா அவருக்குக் காவல் இருந்தாள். வாய் காய்ந்துபோய் ஒரு சொட்டும் வரவில்லை. கடைசியில் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"பாருங்க வாப்பா, மணத்தை மட்டும் எடுங்க. தின்னக் கூடாது."

"இது என்ன அநியாயம் மகள்" என்றார் மாமா. ஆனால் குழாய் நிரம்பியது.

முடிவு வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். சபூராவால் ஆறு மணி நேரமே சும்மா இருக்க முடியாது. தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத்தளத்தில் புகுந்தாள். தேர்ஸ்டே தீவின் வரலாற்று நிலையத்துக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். அங்கே இருந்த பெண்மணி பொறுமைசாலி. ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டார். ஒரு சனிக்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது சபூரா அலறினாள். கை கிய்யை வெட்டிக்கொண்டாளோ என்று நுரையோடு ஓடினேன்.

கணினித் திரையில் ஒரு பழைய படிவம். அந்தக் காலத்தில் வெள்ளையர் அல்லாதவர்கள் இந்த நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்பி வர வேண்டுமென்றால் ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். அதில் படம் ஒட்டி, உள்ளங்கையில் மை தடவி அச்சுப் பதிப்பார்கள். 1908, தேர்ஸ்டே தீவு, இஸ்மாயில் லெப்பை, சிலோன். தொப்பி போட்ட மனிதர் கமெராவை முறைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பக்கம் உமருக்கு. இரண்டு வயது, பிறந்த இடம் தேர்ஸ்டே தீவு. கீழே ஒரு சின்னக் கையின் அச்சு. பிள்ளை கையை இழுத்திருக்க வேண்டும், இரண்டு விரல் இழுபட்டுக் கலங்கியிருந்தது.

உள்ளதைச் சொன்னால் என்ன, நான் நம்பாதவன், ஆனாலும் அந்தக் கையைப் பார்த்து நின்றேன். மாமாவைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் திரையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"வாப்பா" என்றார்.

"இப்ப என்ன சொல்றீங்க, ஹிபாட வாப்பா?" என்று என்னிடம் திரும்பினாள் சபூரா. "கம்பி எங்க தொடங்குது எண்டு கண்டீங்களா?"

"கண்டன். ஆனா இதுல தாய்ட பேர் இல்லையே."

"அதையும் எடுப்பன்" என்றாள்.

எடுத்தாள். குவீன்ஸ்லாந்துப் பிறப்புப் பதிவேட்டுக்குப் பணம் கட்டி உமரின் பதிவை வரவழைத்தாள். அது வந்த அதே வாரம் எச்சில் பரிசோதனையின் முடிவும் வந்தது. இரண்டையும் ஒரே நாளில் திறந்தது எங்கள் கெட்ட காலம்.

மாமாவின் முடிவு: தென்னிந்தியாவும் இலங்கையும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, அரபுக் கரை மூன்று. தீவு என்ற பேச்சே இல்லை. குழாய் மாறியிருக்கும் என்றாள் சபூரா. அந்தப் பக்கத்து ஆட்களின் மாதிரிகள் அவர்களிடம் போதாது என்றாள். கால் பங்கு என்று கணக்குப் போட்டவளே அவள்தான் என்பதை நான் நினைவூட்டவில்லை. பிறப்புப் பதிவு அந்த வேலையைச் செய்துவிட்டது. தந்தை இஸ்மாயில் லெப்பை, முத்து வியாபாரி. தாய் ஸைனப், வயது பத்தொன்பது, பிறந்த இடம் பேருவளை, சிலோன். ஓரத்தில் வேறு மையில் ஒரு குறிப்பு: தாய் பிரசவத்தின் ஆறாம் நாள் இறந்தார்.

ஹிபா படித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சபூரா மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்? எத்தனை பேர் தலையாட்டியிருப்பார்கள்? அவளுக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு அவளைக் கிண்டல் செய்யக்கூட மனம் வரவில்லை. மாமா அன்று தேத்தண்ணி கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. அப்போதுதான் பயந்தோம்.

மூன்றாம் நாள் காலை தானாக வந்து சபூராவின் எதிரில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ட வாப்பா பொய் சொல்ல மாட்டார்" என்றார்.

"நான் பொய் எண்டு சொல்லல்ல வாப்பா. கடதாசி சொல்லுது."

"கடதாசி எங்களிட்டயும் ஒண்டு இரிக்கு. பேருவளையில அலுமாரிக்கு மேல, பச்சைத் துணியில சுத்தின கிதாபு. அதை முத்திட்டு வாப்பா சொல்லுவார், என்ட உம்மாட பேர் இதுக்குள்ள இரிக்கு எண்டு."

அந்தக் கிதாபை எனக்கும் தெரியும். கல்யாணத்தன்று என்னையும் முத்த வைத்தார்கள். நோன்புக்கு நோன்பு இறக்கி, தூசி தட்டி, ஆளுக்கு ஒரு முத்தம் கொடுத்து, மறுபடி துணியில் சுற்றி மேலே வைத்துவிடுவார்கள். பரக்கத்தான, அருள் தரும் பொருள். நூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் குடும்பம் அதை முத்தியிருக்கிறது. ஒருவரும் திறந்து படிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு மரியாதை கூடினால் இதுதான் நடக்கும்.

சபூரா உடனே பேருவளைக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தாள். ரிஷாத் நானா, "அது அறபு ஓதுற கிதாபு தானே, அதுல என்னத்தைத் தேடப்போறீங்க" என்று இழுத்தார். அவள் போட்ட சத்தத்தில் அவர் ஸ்டூலில் ஏறிவிட்டார். இருபது நிமிஷத்தில் படங்கள் வந்தன. முதல் பக்கத்துக்கு முன்னால் இருந்த வெற்றுத்தாளில் ஏழு வரி கையெழுத்து. எழுத்து அறபு. ஹிபா தன் குர்ஆன் வகுப்பு அறிவைக் கொண்டு எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். உதடு அசைந்தது. பிறகு சொன்னார்.

"இது அறபு இல்ல புள்ள. அறபு எழுத்தில தமிழ். அந்தக் காலத்து ஆக்கள் இப்படித்தான் எழுதுவாங்க. நான் சின்னதில மதரசாவில படிச்சிரிக்கன்."

அவர் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஹிபா எழுதினாள். நான் அடுப்பை நிறுத்தினேன்.

'என் மகன் உமர் லெப்பைக்குப் பெற்ற தாய் மவுத்தான பின், தீவில் லிசி என்பவள் தன் பிள்ளையோடு சேர்த்து இவனுக்கும் இரண்டு வருஷம் பால் கொடுத்தாள். அவள் இவனுக்குப் பால் தாய். அவள் பிள்ளைகள் இவனுக்குக் கூடப் பிறந்தவர்கள். அவர்களோடு நிக்காஹ் ஆகாது. என் சந்ததி இதை மறக்க வேண்டாம்.'

எங்கள் மார்க்கத்தில் ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளை அவள் பிள்ளைதான். பால் உடன்பிறப்புகள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ள முடியாது. பிற்காலத்தில் தெரியாமல் தவறு நடந்துவிடக் கூடாது என்று, கடல் தாண்டிக் கிடக்கும் ஒரு தீவுக் குடும்பத்தையும் விடாமல் அந்த மனிதர் எழுதி வைத்திருக்கிறார். உமர் லெப்பை சொன்னது சத்தியம். அவருக்குத் தீவில் ஓர் உம்மா இருந்தாள்.

சபூரா சிரித்தாள், அழுதாள், மாமாவின் நெற்றியில் முத்தினாள், தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தாள். லிசி என்ற பெயரைத் தேர்ஸ்டே தீவுப் பெண்மணிக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்த லிசியின் மகன் வழிப் பேத்தி ஒருவர் கெய்ன்ஸ் நகரில் இருக்கிறார், பெயர் ரோஸ், எழுபத்தேழு வயது, ஞாயிறு இரண்டு மணிக்குப் பேசச் சம்மதித்திருக்கிறார். ஓகஸ்ட் முப்பதுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

இங்கேதான் என் மனைவியின் மூளை வேறு தண்டவாளத்தில் ஏறியது. சனிக்கிழமை மாலை கணினியில் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஹிபா எங்கள் குடும்பத்துப் பிள்ளை என்று ரோஸ் சொல்வது போல. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

"சபூரா, இது சரியில்ல."

"ஏன் சரியில்ல? பால் குடிச்சா பிள்ளை தானே. நிக்காஹ் ஆகாது எண்டா உறவு எண்டுதானே அர்த்தம்? நான் ஒரு சொல்லும் பொய்யா எழுதல்ல."

"அந்தப் படிவம் வம்சத்தைக் கேக்குது. பாலைக் கேக்கல்ல."

"அப்ப அந்தப் பிள்ளைட கனவு?"

ஹிபா அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். வெளியே வரவில்லை. தாயே முடிவு செய்யட்டும் என்று விட்டாள் போலிருக்கிறது.

ஞாயிறு இரண்டு மணிக்கு மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தோம். போன் நடுவில், ஸ்பீக்கரில். கணினி சபூராவின் முன்னால் திறந்தபடி, கடிதம் தயாராக. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். மாமாவுக்காக ஹிபா மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரோஸ் அன்ரியின் குரலில் ஓர் அலுப்பு இருந்தது. வணக்கம் சொன்ன கையோடு கேட்டார்.

"உனக்குக் கடிதம் வேணுமா? முதலிலேயே சொல்லிவிடு மகளே. மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் கூப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் எங்கள் ஆட்களில் ஒரு பூட்டி இருக்கிறாள். ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது. கடிதம் கிடைத்ததும் போனை வைத்துவிடுவார்கள்."

சபூராவின் காது சிவந்ததைப் பார்த்தேன். அவள் கணினியைப் பார்த்தாள். ஹிபாவைப் பார்த்தாள். ஊசி குத்துமுன் நரம்பைத் தேடும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"வேணும் என்றுதான் தேடத் தொடங்கினேன், அன்ரி" என்றாள். "நான் உங்கள் இரத்தம் என்று இருபத்திரண்டு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பிழை. எங்களுக்குள் உங்கள் இரத்தம் ஒரு துளியும் இல்லை. பரிசோதித்துப் பார்த்துவிட்டேன். உங்கள் பாட்டி லிசி என் மூத்தப்பாவுக்குப் பால் கொடுத்தார். அவ்வளவுதான். எனக்குக் கடிதம் வேண்டாம்."

சொல்லிவிட்டுக் கடிதத்தை அழித்தாள். ஹிபா எழுந்து வந்து கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு நாலு வரி எழுதினாள்: எங்களுக்குத் தெரியாமல் தவறு நடந்துவிட்டது, கட்டத்தில் போட்ட சரியை எடுத்துவிடுங்கள், என் இடத்தை வேறொருவருக்குக் கொடுங்கள். அனுப்பிவிட்டுத் தாயின் தோளில் கை போட்டாள்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். பிறகு ரோஸ் அன்ரி சிரித்தார். நன்றாக, வயிறு குலுங்க.

"சிலோன் பிள்ளையா?" என்றார். "என் அப்பா சாகும்வரை முறைப்பாடு சொல்லுவார். என் பங்குப் பாலை ஒரு சிலோன்காரன் குடித்துவிட்டான், அதனால்தான் நான் குள்ளமாகப் போனேன் என்று. நாங்கள் அவர் சும்மா கதை விடுகிறார் என்று நினைத்தோம்."

மேசையில் எல்லாரும் சிரித்துவிட்டோம். மாமாவும் சிரித்தார். தன் வாப்பா நல்ல உயரம் என்று ஹிபாவின் காதில் சொன்னார். ஹிபா அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் இன்னும் சிரிப்பு. பிறர் பிள்ளையை எடுத்து வளர்ப்பது தங்கள் தீவுகளிலும் உண்டு என்றார் ரோஸ் அன்ரி. அதெல்லாம் சொன்னவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்று கேட்க வேண்டும். கப்பலில் ஏற்றியபோது அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலாம். பாட்டி கரையில் நின்று பார்த்தாராம். பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. சிலோன் ஆட்கள் யார் தீவுக்கு வந்தாலும் பாட்டி போய்க் கேட்பாராம். யாருக்கும் தெரியவில்லை. பாட்டி போனபிறகு அப்பா கேட்டார். அந்தப் பிள்ளை பிழைத்ததா?"

ஹிபா தமிழில் சொல்ல வாயெடுத்தாள். தேவைப்படவில்லை. மாமா கதிரையை முன்னால் இழுத்து, போனுக்கு நேரே குனிந்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். அதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"ஹீ லிவ்ட், சிஸ்டர். எய்ட்டி ஒன் இயர்ஸ். நைன் சில்ட்ரன். ஐ லாஸ்ட்."

ரோஸ் அன்ரி அழுவது கேட்டது. சபூராவும் அழுதாள். பிறகு இழுப்பறை திறக்கும் சத்தமும் தாள் புரட்டும் சத்தமும் வந்தன.

"பேனா எடுத்துவிட்டேன்" என்றார் ரோஸ் அன்ரி. "எல்லாருடைய பெயரையும் சொல்லுங்கள், அண்ணா. மெதுவாகச் சொல்லுங்கள். எங்கள் குடும்பப் புத்தகத்தில் எழுத வேண்டும்."

மாமா மூத்தவரிலிருந்து தொடங்கினார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் என்று வரிசையாகப் போனது. விட்டுப்போனவர்களைச் சபூரா எடுத்துக் கொடுத்தாள். ஹிபாவின் பெயர் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதை எப்படி எழுதுவது என்று ரோஸ் அன்ரி கேட்டார். ஹிபாவே எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.